ஸ்கூல் முடிஞ்சிருச்சு, அடுத்து காலேஜா, தொழிலா, வேலையா, ஒரு வருஷம் கேப்பா?

ஸ்கூல் முடிச்சவங்களைப் பாத்தா எல்லாரும் கேக்குறது "அடுத்து என்ன பண்ணப் போற"ன்னுதான், பதில் தெரியாம முழிக்கிறவங்க திருப்பி நம்மகிட்ட கேக்குறது "எதுங்க பெஸ்ட்டு"ன்னு. இதுக்கு யார்கிட்டயும் பதில் கிடையாது. ஏன்னா 17, 18 வயசுல நமக்குத் தெரிஞ்சதெல்லாம் பாடத்தோட பேருதான், அந்த வேலையில ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்னு தெரியவே தெரியாது. பயாலஜி புடிக்கும்ங்கிறது வேற, ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டுல நின்னு அழுற சொந்தக்காரங்ககிட்ட பேசுறது புடிக்கும்ங்கிறது வேற.

அதனால நான் எந்த வழியைப் பாத்தாலும் முதல்ல ரெண்டு விஷயம்தான் பாப்பேன். இது எனக்கு ஒத்து வருமா வராதான்னு எவ்வளவு சீக்கிரம் தெரியும், ஒத்து வரலைன்னா வெளிய வர்றதுக்கு எவ்வளவு செலவாகும். சம்பளம், மதிப்பு, மார்க்கெட் எல்லாம் அதுக்கப்புறம்தான்.

## எதை வச்சு எடை போடப் போறோம்

காசு. ஃபீஸ் எவ்வளவுன்னு எல்லாரும் கணக்குப் போடுறாங்க, அந்த வருஷங்கள்ல வேலைக்குப் போயிருந்தா வந்திருக்கக்கூடிய சம்பளத்தை யாரும் கணக்குல சேக்குறதில்ல. நாலு வருஷக் கோர்ஸோட உண்மையான விலை நாலு வருஷ ஃபீஸும் நாலு வருஷச் சம்பளமும் சேந்தது. இதுக்காக படிக்காதீங்கன்னு சொல்லல, முழு பில்லையும் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்கன்னுதான் சொல்றேன்.

நிஜ வேலை எப்ப கண்ணுல படும். சில வழியில மூணாவது நாளே தெரிஞ்சிடும், சில வழியில மூணாவது வருஷம் இன்டர்ன்ஷிப் போனாத்தான் தெரியும்.

நடுவுல விட்டா கையில என்ன மிஞ்சும். இதுதான் ரொம்ப முக்கியம், இதைத்தான் யாரும் கேக்குறதில்ல. பரிணாமக் கொள்கை சொன்ன டார்வினை எடுத்துக்கோங்க, 1825ல 16 வயசுல அப்பா சொன்னார்னு எடின்பரோவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போனார், மயக்க மருந்தே வராத காலம் அது, ஒரு குழந்தைக்கு நடந்த ஆபரேஷனைப் பாக்க முடியாம பாதியில எந்திரிச்சு ஓடிட்டார், அப்புறம் பாதிரியார் ஆகலாம்னு 1828ல கேம்பிரிட்ஜ், பாதிரியாரும் ஆகல, 1831ல உலகத்தைச் சுத்தி ஆராயப் போன பீகிள் கப்பல்ல ஏறிட்டார். ஆனா எடின்பரோவுல இருந்தப்போ ஜான் எட்மன்ஸ்டன்னு ஒருத்தர், முன்னாடி அடிமையா இருந்து விடுதலையானவர், அவர்கிட்ட காசு கொடுத்து பறவை உடம்பைப் பதப்படுத்தி பாடம் பண்றது கத்துக்கிட்டார், கப்பல் பயணத்துல அந்தக் கைவேலை அவருக்கு நல்லாவே உதவிச்சு. டாக்டர் பட்டம் வரல, ஆனா வெறுங்கையோட வெளிய வரல.

லைசென்ஸ் வேணுமா. டாக்டர், நர்ஸ், வக்கீல், கால்நடை மருத்துவர், பைலட் மாதிரி சில வேலைக்கு சட்டப்படி குறிப்பிட்ட படிப்போ பயிற்சியோ இல்லாம உள்ளயே விட மாட்டாங்க. வேற பல வேலைக்கு டிகிரி கேப்பாங்க, ஆனா கட்டாயம் கிடையாது. உங்களுக்கு வேணுங்கிற வேலை இதுல எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்க வேலை விளம்பரம் ஒரு பத்து எடுத்து வச்சு ஒவ்வொண்ணுலயும் "கட்டாயம்"னு போட்டிருக்கிறதை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதுங்க, அரை மணி நேர வேலைதான், ஆனா சொந்தக்காரங்க பத்து பேர் சொல்ற அட்வைஸை விட உருப்படியா இருக்கும்.

வீடு. உங்க சம்பளத்தை யாராவது எதிர்பாத்துட்டு இருக்காங்களா? இருந்தா மேல சொன்ன எல்லா அளவுகோலோட எடையும் மாறிடும், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

## நேரா டிகிரி

லைசென்ஸ் வேணுங்கிற வேலைன்னு முடிவாயிடுச்சுன்னா இந்தப் பகுதியைப் படிச்சு யோசிக்க வேண்டியதே இல்ல, போய் சேருங்க. ஆனா எத்தனை வருஷம்ங்கிறதை மட்டும் முழுசா எண்ணிப் பாத்துடுங்க. அமெரிக்காவுல டாக்டர் ஆகணும்னா 4 வருஷ டிகிரி முடிச்சு, அப்புறம் 4 வருஷ மெடிக்கல் ஸ்கூல், அப்புறம் ரெசிடென்சிங்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சி குறைஞ்சது 3 வருஷம், பிரிட்டன்ல ஸ்கூல் முடிச்ச கையோட மெடிசின் சேந்து 5, 6 வருஷத்துல டிகிரி வாங்கிட்டு அதுக்கப்புறம் பயிற்சி. ஒரே வேலைதான், பாதை நாட்டுக்கு நாடு வேற, ஆனா எங்கயுமே குட்டை இல்ல.

லைசென்ஸ் வேண்டாத துறையிலயும் டிகிரிக்கு மதிப்பு இருக்கு, நிறைய கம்பெனியில விண்ணப்பத்தை முதல்ல வடிகட்டுறதே டிகிரி இருக்கா இல்லையான்னு பாத்துதான், அது நியாயமா இல்லையாங்கிறது வேற பேச்சு. கூடவே கூட்டாளிங்க, சீனியர்கள், லைப்ரரி, தப்பு பண்ணினாலும் வேலை போகாத ஒரு இடம், இதெல்லாம் கிடைக்குது.

மறைஞ்சிருக்கிற செலவு என்னன்னா, முடிக்காத டிகிரி. சேந்தவங்க எல்லாரும் முடிப்பாங்கன்னு நெனச்சுத்தான் நாம கணக்கே போடுறோம், ரெண்டு வருஷம் ஃபீஸ் கட்டி, லோன் வாங்கி, அரியர் சேந்து, பாதியில விட்டா லோன் மட்டும் கூட வரும், சர்ட்டிஃபிகேட் வராது. பாதியில விட்டா அதுவரைக்கும் படிச்சதுக்கு ஏதாவது டிப்ளமோ, கிரெடிட் மாதிரி தருவாங்களா, வேற காலேஜ்ல அதை ஏத்துக்குவாங்களான்னு அட்மிஷன் அப்பவே கேளுங்க. கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க, பரவாயில்ல.

இன்னொண்ணு, பாடமும் வேலையும் வேற வேற. ஆர்க்கிடெக்ட் ஆகணும்னு ஆசைப்படுறவங்க ஒரு ரெண்டு நாள் அந்த ஆபீஸ்ல ஓரமா ஒரு நாற்காலி போட்டு உக்காந்து பாக்கணும், அழகான கட்டடத்தை வரையுறது வாரத்துல கொஞ்ச நேரம்தான் இருக்கும், மிச்ச நேரம் பூரா கான்ட்ராக்டர்கிட்ட போன்ல பேசுறது, பாத்ரூம் பைப் எங்க இறங்குதுன்னு டிராயிங்க திருத்துறது, கிளையன்ட் ஒரு கதவை இந்தப் பக்கம் மாத்துங்கன்னு சொன்னதால மூணு ஷீட்டை மறுபடி பிரின்ட் எடுக்குறது. இதைப் பாத்தும் இன்னும் ஆசையா இருந்தா அது உங்க வேலைதான்.

காசு கட்டுறதுக்கு முன்னாடி பாடத்தையும் ருசி பாத்துடலாம். அமெரிக்காவோட எம்ஐடி யுனிவர்சிட்டி 2001லயே தன்னோட பாடங்களை இலவசமா நெட்ல போடப்போறதா அறிவிச்சிடுச்சு, இப்ப எந்தப் பாடம் எடுத்தாலும் ஒரு செமஸ்டர் லெக்சர் முழுசா எங்கயாவது கிடைக்கும். முதல் லெக்சரைப் பாக்காதீங்க, அது எப்பவுமே ஜாலியாத்தான் இருக்கும், நடுவுல இருக்கிற ஏழாவதோ எட்டாவதோ பாருங்க, பாத்துட்டு அதோட வீட்டுக் கணக்கைப் போடப் பாருங்க. கொட்டாவி வந்தா அதுவும் ஒரு தகவல்தான்.

## தொழில் படிப்பு, அப்ரெண்டிஸ்

அப்ரெண்டிஸ்னா ஒரு கம்பெனியிலயோ முதலாளிகிட்டயோ வேலை பாத்துக்கிட்டே தொழில் கத்துக்கிறது. இதைப் பத்திப் பேசினாலே நிறைய வீட்டுல "மார்க் கம்மியானவங்க போறது"ன்னு ஒரு முகச்சுளிப்பு வரும். சுவிட்சர்லாந்துல ஸ்கூல் பசங்கள்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு பேர் போறதே இந்த வழியிலதான், அங்க பேங்க் வேலைக்கும் ஐடிக்கும் கூட அப்ரெண்டிஸ் உண்டு. ஜெர்மனி, ஆஸ்திரியாவுலயும் இதே முறைதான், வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் தொழில் பள்ளி, மிச்ச நாள் கம்பெனியில வேலை, கூடவே சம்பளம், ஜெர்மனியில பெரும்பாலும் 2ல இருந்து மூன்றரை வருஷம்.

இந்த வழியோட பலமே நிஜ வேலை முதல் வாரத்துலயே கண்ணுல படுறதுதான். அது அழகா இருக்கும்னு சொல்லல. மெட்டல் தொழில்ல பழைய முறைப்படி பயிற்சி கொடுக்கிற இடத்துல ஒரு இரும்புத் துண்டை வைஸ்ல, அதாவது இறுக்கிப் புடிக்கிற கருவியில, கட்டிக் கொடுத்து அரம் போட்டு ராவச் சொல்வாங்க, ஸ்கேலை மேல வச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா இடுக்குல வெளிச்சம் தெரியக்கூடாது, தெரிஞ்சா மறுபடி ராவணும், வாரக்கணக்குல இதேதான். மெஷின் நிமிஷத்துல பண்ணிடுற வேலையை எதுக்குக் கையால பண்ணச் சொல்றாங்கன்னு கடுப்பா வரும், ஆனா கைக்கு அளவு தெரியுறது அப்படித்தான், அந்த வாரங்களை ரசிக்கிறவங்களும் இருக்காங்க, மூணாவது நாளே ஓடுறவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருக்குமே பதில் சீக்கிரமா கிடைச்சிடுது பாருங்க.

இதுல மறைஞ்சிருக்கிற செலவு மூணு. முதல்ல யார்கிட்ட போய் மாட்டுறீங்கங்கிறது. பின்னாடி பெரிய விஞ்ஞானியான மைக்கேல் ஃபாரடே 1805ல 14 வயசுல லண்டன்ல ஜார்ஜ் ரீபோன்னு ஒரு புத்தக பைண்டர்கிட்ட சேந்தார், 7 வருஷம், பைண்டிங்குக்கு வர்ற புத்தகத்தை எல்லாம் படிக்க விட்ட முதலாளி அவர், அப்படிப் படிச்சுத்தான் சயின்ஸ்ல ஆசை வந்து, 1812ல ஹம்ஃப்ரி டேவிங்கிற கெமிஸ்ட்ரி விஞ்ஞானியோட லெக்சர் கேட்டு, நோட்ஸ் எடுத்து, தன் கையாலயே பைண்ட் பண்ணி டேவிக்கு அனுப்பி, 1813ல ராயல் இன்ஸ்டிட்யூஷன்கிற லண்டன் அறிவியல் நிறுவனத்துல உதவியாளரா சேந்துட்டார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு வாய்ச்சது நேர் எதிர், 12 வயசுல சொந்த அண்ணனோட அச்சகத்துல சேத்துவிட்டாங்க, அண்ணன் அடிக்கிறதைத் தாங்காம 1723ல 17 வயசுல பாஸ்டனை விட்டே ஓடிட்டார். ஓடினாலும் அச்சு கோக்கத் தெரியும்ங்கிறதால பிலடெல்ஃபியாவுல போன உடனே வேலை கிடைச்சுது. மேல சொன்ன மூணாவது அளவுகோல்ல இந்த வழிக்கு நான் நல்ல மார்க் போடுறது இதனாலதான், கத்துக்கிட்ட தொழில் கைய விட்டுப் போகாது. ஆனா சேர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல இப்ப பயிற்சியில இருக்கிற பசங்ககிட்ட, முதலாளி பக்கத்துல இல்லாத நேரமா பாத்து, ரெண்டு வார்த்தை பேசிடுங்க.

ரெண்டாவது, உடம்பு. முட்டி, முதுகு, காது, இதெல்லாம் 20 வயசுல ஞாபகத்துக்கே வராது. மூணாவது, தொழில் மாறும். எரிக் ஹனுஷெக்ங்கிற பொருளாதார நிபுணரும் அவர் கூட்டாளிகளும் 2017ல வெளியிட்ட ஆய்வுல பல நாட்டு டேட்டாவை வச்சுப் பாத்தப்போ, தொழிற்கல்வி படிச்சவங்களுக்கு ஆரம்பத்துல வேலை சுலபமா கிடைக்குது, ஆனா வயசானப்புறம் வேலையில நீடிக்கிறதுல பொதுப் படிப்பு படிச்சவங்க முந்திடுறாங்கன்னு தெரிஞ்சுது, டெக்னாலஜி மாறும்போது மாறிக்கிறது கஷ்டமாயிடுது. அப்ரெண்டிஸ் முறை ரொம்ப பலமா இருக்கிற நாடுகள்லதான் இந்த வித்தியாசம் தெளிவா தெரிஞ்சுதுங்கிறதையும் சேத்துப் பாக்கணும். அதனால மேல படிக்கிற கதவு திறந்திருக்கிற தொழில் படிப்பா பாத்து எடுங்க, சுவிஸ்ல அதுக்குன்னே தனிப் பரீட்சை இருக்கு, அதைப் பாஸ் பண்ணினா தொழில் படிச்சவங்களும் உயர்கல்விக்குப் போகலாம். நீங்க இருக்கிற இடத்துல அப்படி ஒரு வழி இருக்கான்னு விசாரிச்சுட்டுதான் சேரணும்.

கையில ஏதாவது உருவாகுறதைப் பாத்தா சந்தோஷம், கிளாஸ்ல உக்காந்தா உடம்பு நமைச்சல் எடுக்குது, சீக்கிரம் சொந்தமா ஒண்ணு தொடங்கணும், இப்படி இருக்கிறவங்களுக்கு டிகிரியை விட இது பல மடங்கு நல்லது.

## நேரா வேலைக்கு

வீட்டுக்குக் காசு வேணும்னா விவாதமே இல்ல. வேணாம்னாலும் எந்தப் பாடமும் புடிக்கல, பேருக்கு ஒரு டிகிரின்னு சேரப் போறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான். காசு கொடுத்து மூணு வருஷம் குழம்புறதை விட காசு வாங்கிட்டு ஒரு வருஷம் குழம்பலாம். கஸ்டமர் கத்தும்போது எப்படிப் பேசணும், மாசக் கடைசியில சம்பளம் எங்க போச்சு, எந்த மாதிரி பாஸ் கீழ நம்மால வேலை பாக்க முடியாது, இதெல்லாம் எந்த காலேஜ்லயும் பாடமா இல்ல.

இதுல மாட்டிக்கிற இடம் சம்பளமேதான். முதல் மாசம் வர்றது பெருசா தெரியும், ஆறு மாசத்துல வீடும் நாமளும் அதுக்குப் பழகிடுவோம், ஒரு வண்டி, ஒரு இஎம்ஐ, அப்புறம் திரும்பிப் படிக்கப் போறேன்னு சொன்னா அந்த இஎம்ஐ விடாது. அதனால சேரும்போதே முதல் சம்பளத்துல இருந்து ஒரு பங்கைத் தனியா எடுத்து வச்சிடுங்க, படிப்புக்கோ பயிற்சிக்கோன்னு பேர் போட்டு. எல்லாத்தையும் வீட்டுல கொடுத்துட்டு அப்புறம் திருப்பிக் கேக்குறது ரொம்பக் கஷ்டம்.

இன்டர்வியூவுல ஒரு கேள்வி கேளுங்க, "இதே வேலையில அஞ்சு வருஷம் முன்னாடி சேந்தவங்க இப்ப என்ன பண்றாங்க". யோசிக்காம பதில் சொன்னா அந்த இடத்துல ஏணி இருக்கு. முழிச்சாங்கன்னா ஏணி இல்ல, ஒரு வருஷம் அனுபவம் எடுத்துட்டு கிளம்புற இடம்.

அப்புறம் இந்த "இப்ப படிக்கலைன்னா எப்பவுமே படிக்க முடியாது"ங்கிற பயம், அதுல பாதிதான் உண்மை. முன்தகுதி எதுவும் கேக்காம வேலை பாக்கிறவங்களையும் சேத்துக்கணும்னுதான் பிரிட்டன்ல 1969ல ஓபன் யுனிவர்சிட்டி ஆரம்பிச்சு 1971ல முதல் மாணவங்களை சேத்தாங்க, இன்னைக்கு ஏதோ ஒரு பேர்ல தொலைதூரக் கல்வி நிறைய நாட்டுல இருக்கு. மீதிப் பாதி என்னன்னா எட்டு மணி நேரம் நின்னு வேலை பாத்துட்டு வந்து ராத்திரி புக்கைத் திறக்கிறது சும்மா சொல்லிடலாம், பண்றது கஷ்டம்.

## ஒரு வருஷம் கேப்

திட்டத்தோட எடுக்கிற கேப், திட்டமில்லாம தானா விழுந்த கேப், பேர் ஒண்ணா இருந்தாலும் இது ரெண்டும் வேற வேற. முதல் வகைக்கு பெரிய இடங்கள்லயே மதிப்பு இருக்கு, ஹார்வர்டே அட்மிஷன் கிடைச்ச பசங்களை ஒரு வருஷம் தள்ளிப்போட்டு வரலாம்னு ரொம்ப நாளா சொல்லிட்டு வருது. இதுல கவனிக்க வேண்டியது அட்மிஷன் *கிடைச்ச* பசங்கங்கிறதுதான். சீட்டை வாங்கி வச்சுட்டு தள்ளிப்போடுறதும், எங்கயும் அப்ளை பண்ணாம "யோசிக்கிறேன்"னு வீட்டுல இருக்கிறதும் ஒண்ணு கிடையாது.

செலவு எங்க ஒளிஞ்சிருக்குன்னா, ஸ்காலர்ஷிப், நுழைவுத்தேர்வு விதிகள்ல. சில இடத்துல அந்த வருஷம் ஸ்கூல் முடிச்சவங்களுக்கு மட்டும்னு போட்டிருப்பாங்க, கேப் எடுக்கிறதுக்கு முன்னாடி அதைப் படிக்கணும், எடுத்த பிறகு இல்ல. அப்புறம் மனசுக்கு ஒரு செலவு இருக்கு, கூடப் படிச்சவங்க எல்லாரும் புது ஊர், புது கேங்க்னு போட்டோ போடும்போது நாம மட்டும் அதே ரூம்ல இருப்போம், நாலாவது மாசம் கொஞ்சம் வலிக்கும்.

பரீட்சைக்கு மறுபடி படிக்கிறதுக்காக ஒரு வருஷம் எடுக்கிறதை நான் கேப்னு சொல்ல மாட்டேன், அது முழுநேர வேலை. ஜப்பான், கொரியா, சீனான்னு பல நாட்டுல பசங்க வருஷா வருஷம் இதைப் பண்றாங்க. பண்ணலாம், ஆனா போன தடவை மார்க் குறைஞ்சதுக்கு ஒரு குறிப்பிட்ட காரணம் சொல்ல முடியணும், உடம்பு சரியில்லாம போச்சு, இந்த ஒரு பாடம் தொடவே இல்ல, அப்படி. "இன்னும் நல்லாப் படிப்பேன்"ங்கிறது காரணம் இல்ல. எத்தனை தடவைங்கிறதையும் இப்பவே, மனசு தெளிவா இருக்கும்போதே எழுதி வச்சிடுங்க, ஏன்னா ரெண்டு வருஷம் போட்டவங்களுக்கு போட்ட ரெண்டு வருஷமே மூணாவது வருஷத்துக்குக் காரணமாயிடும்.

## ஒரே பார்வையில

| வழி | காசு | நிஜ வேலை எப்ப தெரியும் | நடுவுல விட்டா | யாருக்கு |
|---|---|---|---|---|
| டிகிரி | அதிகம், சம்பளமும் போகும் | பெரும்பாலும் ரெண்டு மூணு வருஷம் கழிச்சு | கிரெடிட் மாத்த முடிஞ்சா ஓகே, இல்லைன்னா லோன்தான் மிச்சம் | லைசென்ஸ் வேணுங்கிறவங்க, பாடமே புடிச்சவங்க |
| அப்ரெண்டிஸ் | கம்மி, பல இடத்துல சம்பளமும் உண்டு | முதல் வாரம் | கைத்தொழில் கூட வரும் | கைவேலை புடிச்சவங்க, சொந்தத் தொழில் ஆசை |
| நேரா வேலை | வரவுதான் | முதல் நாள் | அனுபவம் மிஞ்சும், சர்ட்டிஃபிகேட் இல்ல | காசு தேவை, எந்தப் பாடமும் புடிபடாதவங்க |
| கேப் | திட்டத்தைப் பொறுத்து | நீங்க தேடிப் போனாத்தான் | சீட்டு வாங்கி வச்சிருந்தா நஷ்டம் இல்ல | சீட்டு கையில இருக்கிறவங்க, களைச்சுப் போனவங்க |

கேரியர் டெஸ்ட் எழுதலாமான்னும் கேப்பாங்க. எழுதுங்க, தப்பில்ல. அதுல பல டெஸ்ட் ஜான் ஹாலண்ட்ங்கிற அமெரிக்க உளவியல் நிபுணர் 1959ல ஆரம்பிச்ச யோசனையில இருந்து வந்தது, ஆட்களோட விருப்பத்தை ஆறு வகையா பிரிக்கிறது. உங்களுக்கு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு சொல்லும், அந்த வேலையில நீங்க தாக்குப் புடிப்பீங்களான்னு அதால சொல்ல முடியாது, ரிசல்ட்டுல வந்த மூணு வேலையை எடுத்து அதுல இருக்கிற ஆள் ஒருத்தரைத் தேடிப் புடிச்சு "நேத்து காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என்னங்க பண்ணீங்க"ன்னு கேட்டாத்தான் அந்த டெஸ்ட்டுக்கே பிரயோஜனம். நேத்துன்னு கேளுங்க, பொதுவா கேட்டா பெருமையாத்தான் சொல்வாங்க.

இவ்வளவு பாத்தும் ரெண்டு வழி சமமா நின்னா, எதுல இருந்து எதுக்குத் தாவுறது சுலபம்னு பாருங்க. வேலையில இருந்து காலேஜுக்கு அடுத்த வருஷம் போகலாம், லோன் போட்ட காலேஜ்ல இருந்து வேலைக்கு வந்தா லோனும் கூடவே வரும், அப்ப வேலையை முதல்ல பாக்கிறது லாபம். ஆனா சீட்டு இந்த வருஷம் மட்டும்தான்னா கணக்கு தலைகீழாயிடும், சீட்டைப் புடிச்சு வச்சுட்டு தள்ளிப்போட விடுவாங்களான்னு கேக்கணும். வீட்டுல பேசும்போது "எனக்கு இது புடிச்சிருக்கு"ன்னு மட்டும் சொன்னா சண்டைதான் வரும், எத்தனை மாசம் பாக்கப் போறேன், எவ்வளவு ஆகும், எந்தத் தேதிக்குள்ள ஒத்து வரலைன்னா எதுக்கு மாறுவேன்னு மூணு வரி எழுதி கொண்டு போய்க் கொடுங்க, அப்பாவோ அம்மாவோ அந்தத் தேதியைத்தான் முதல்ல பாப்பாங்க.